அண்ணி ஏற்பாடு செய்த புதன்கிழமை

என் அருமை அஞ்சலை அண்ணிக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்டுத்தான் கடிதம் ஆரம்பித்துப் பழக்கம். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது? நாங்கள் இங்கே நலம். பங்குனி வந்தால் நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், இன்னும் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது "அக்கா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

சேதி என்னவென்றால், போன புதன்கிழமை உங்கள் மகள் கலாவைப் பிரிஞ்சாங் மலை உச்சிக்குக் கூட்டிப் போனோம். கம்போங் ராஜாவில் பூத்தோட்டம் வைத்திருக்கிறவர் வீட்டிலிருந்து அவளைக் கேட்டு வந்திருந்தார்கள். பையனும் அவளும் கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறையாவது தனியாக உட்கார்ந்து பேசட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அவள் என்ன முடிவு சொன்னாள் என்பதைப் பிறகு சொல்கிறேன், பொறுங்கள். இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் நீங்கள் அன்றைக்கு எனக்காகச் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு உறைத்தது. அதை உங்கள் முகத்துக்கு நேரே ஒருநாளும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். உங்களை நான் இன்னும் "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம். ஒரே லைன் வீடு, ஒரே கங்காணி, தேயிலைக் காட்டில் பக்கத்துப் பக்கத்துச் செடி நிரை. கலா ஆயாக் கொட்டகையில் தொட்டிலில் கிடந்தாள். உங்கள் தம்பிக்கு என்னைக் கேட்டு நீங்களும் உங்கள் வீட்டுக்காரர் ராமையா அண்ணனும் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மாப்பிள்ளையும் வந்தார். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர் என்று சொன்னார்கள். ஆனால் அவர் குனிந்த தலை நிமிரவில்லை. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, வகிடுதான் தெரிந்தது. ஒரு வகிட்டை நம்பி எப்படிக் கழுத்தை நீட்டுவது?

என் அக்கா கதை உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் கீழ்நாட்டு ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வருஷம் திரும்புவதற்குள் முகத்தில் காயத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அதைப் பார்த்த பிறகும் அப்பா மாறவில்லை. வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டார். பையனோடு ஒருமுறை பேச வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "கட்டிக்கிட்டு ஆயுசு முழுக்கப் பேசு, யாரு வேணாங்கறா?" என்றார்.

வேறு வழி தெரியாமல் மறுநாள் கொழுந்து எடுக்கும்போது உங்களிடமே வந்து நின்றேன். எந்தப் பெண்ணாவது மாப்பிள்ளையின் அக்காவிடம் போய் இப்படிக் கேட்பாளா?

"அக்கா, உங்க தம்பிகிட்ட நான் தனியா பேசணும். பேசாம என்னால சரின்னு சொல்ல முடியாது."

கையில் இருந்த கொழுந்தைத் தோளுக்கு மேலே கூடைக்குள் எறிந்துவிட்டு, அந்தச் செடியை முடித்துவிட்டுத்தான் திரும்பினீர்கள்.

"கேக்காம கட்டிக்கிட்டு நானே ஆறு மாசம் அழுதவதான். தாராளமா பேசு. இடம்தான் யோசிக்கணும்லா" என்றீர்கள்.

அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. எனக்கு நாத்தனாராக வரப்போகிறவர் என்னோடு சேர்ந்து சதி செய்கிறார் என்பதை நம்பவே எனக்கு அரை நாள் ஆனது.

நான் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். "ஞாயித்துக்கிழமையா? உனக்கு என்ன கிறுக்கா? நம்ம தோட்டத்துச் சனம் பூரா டவுன்லதான் நிக்கும். கோயில்ல ஒரு பாதி, பாசார்ல ஒரு பாதி. வேலை நாள்லதான்டி தோட்டத்துக்குக் கண்ணு கிடையாது. எல்லாக் கண்ணும் கொழுந்து மேல இருக்கும்." ஊரில் எல்லாரும் ஆண், பெண் சந்திப்பதை ஓய்வு நாளில் வைத்துக்கொள்கிறார்கள். அதை வேலை நாளுக்கு மாற்றலாம் என்று உங்களுக்குத்தான் தோன்றியது.

பிறகு இடம் பார்த்தீர்களே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். துரை புதுக் காடு வெட்ட இடம் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் எடுத்து ஒதுக்கினீர்கள். அருவியா? "பேசத்தான போறீங்க? அங்க கத்தணும்." பிரிஞ்சாங் கோயில் மேடா? ஐயர் கண்ணில் பட்டால் சாயங்காலத்துக்குள் அப்பா காதுக்கு வந்துவிடும். கோல்ப் மைதானத்து ஓரமா? "அங்க வெள்ளக்காரன் பந்து மண்டையில விழும், அப்புறம் கல்யாணமும் இல்ல ஒண்ணும் இல்ல." கடைசியில் துரைக்கல் என்று முடிவு செய்தீர்கள். பழைய துரை நின்று காட்டைப் பார்ப்பாராம், அதனால் அந்தப் பெயர். அங்கிருந்து ஒரு பக்கம் பிரிஞ்சாங் டவுன் மொத்தமும் தெரியும், இன்னொரு பக்கம் எதிர்மலைத் தேயிலை தெரியும். புதன்கிழமை உங்கள் தம்பிக்கு லோரி இல்லை. அன்றைக்கு நம் ஆட்கள் எல்லாரும் ஆற்றோரக் காட்டில் இருப்பார்கள், துரைக்கல் பக்கம் ஈ காக்கை வராது என்று கணக்குப் போட்டுச் சொன்னீர்கள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்காமல் எப்படித் தப்புவது? அதற்கும் வழி வைத்திருந்தீர்கள். காய்ச்சல் என்றால் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர் சூடு பார்ப்பார். வயிற்றுவலி என்றால் அம்மா கஷாயம் போட்டு வீட்டிலேயே படுக்க வைத்துவிடுவாள். பல்வலி என்றால் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், யாரும் கூட வரமாட்டார்கள். உங்கள் துண்டையே என் தாடையைச் சுற்றிக் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டு, கங்காணி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். "பாருங்க கங்காணி, புள்ள ராத்திரி பூரா தூங்கல." கங்காணி பாவம், எனக்கு உப்புத் தண்ணீர் வைத்தியம் சொல்லி அனுப்பினார்.

துரைக்கல்லுக்கு நான் போனபோது உங்கள் தம்பி முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்தேன். மோசமில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"ரொம்ப வலிக்குதா? கிராம்பு கொண்டாந்தேன். கடிச்சு வச்சுக்கிட்டா கேக்கும்" என்றார்.

அவரிடம் பல்வலி பொய் என்று சொல்ல மறந்துவிட்டீர்கள் அண்ணி. அத்தனை கணக்குப் போட்டவர் இதை விட்டுவிட்டீர்கள். நானும் தாடைக் கட்டை அவிழ்க்காமல் அப்படியே மலை ஏறி வந்திருந்தேன். முதன்முதலாக ஒரு ஆணோடு தனியாக நிற்கிறேன், அழகாக ஒரு பூ வைத்துக்கொண்டு வரவில்லை, தலையில் துண்டு முடிச்சோடு நிற்கிறேன். வெட்கத்தில் அந்தக் கிராம்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். வாய் மரத்துப்போய் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அவர் என்ன செய்வது என்று தெரியாமல் டவுனைக் காட்டி, எந்தக் கூரை எந்தக் கடை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த கடைகள்தான். இருந்தும் அவர் சொல்லச் சொல்லக் கேட்க நன்றாக இருந்தது.

அப்போதுதான் எதிர்மலையில் ஆள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஆற்றோரக் காட்டில் இருக்க வேண்டிய நம் ஆட்கள் எல்லாரும் கூடையோடு எதிர்மலை அடிவாரத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு நாள் வெயிலில் அங்கே கொழுந்து முத்த ஆரம்பித்துவிட்டதென்று துரை காலையில் ஆட்களை மாற்றிவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மாவின் பச்சைத் தலைத்துணி எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கப்போகிற கலாவுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் காட்டில் வெறுங்கூடையோடு மலை உச்சிக்கு ஏறி, அங்கிருந்து எடுத்துக்கொண்டே கீழே இறங்குவோம். கூடை நிறையும்போது நிறுவை பார்க்கும் ரோட்டுக்கு வந்திருப்போம். நிறைகூடையோடு ஏற வேண்டியதில்லை. ஆனால் அப்படி இறங்கினால் எல்லார் முகமும் நேரே துரைக்கல்லைப் பார்த்திருக்கும். அங்கே மறைந்துகொள்ள ஒரு மரம் கிடையாது, உயரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கல்லும் மறைக்காது. கீழே இறங்கும் பாதையோ அவர்கள் கண்முன்னால்தான் போகிறது. மஞ்சள் துண்டு கட்டிய பல்வலிக்காரியை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே கொழுந்து எடுத்திருப்பார்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் என் அக்காவுக்கு நடந்ததுகூட எனக்குச் சின்னதாகிப் போயிருக்கும்.

"குனிஞ்சு உக்காருங்க" என்றார் உங்கள் தம்பி. இரண்டு பேரும் கல்லுக்குப் பின்னால் குந்தினோம்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், எதிரே நடந்ததை என்னால் நம்ப முடியவில்லை. யாரும் உச்சிக்கு ஏறவில்லை. எல்லாரும் அடியில், ரோட்டோரத்தில் வரிசை கட்டி நின்று மலையைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள். கீழிருந்து மேலே எடுத்துக்கொண்டு போகிறார்கள். எல்லார் முதுகும் கூடையும்தான் எங்களுக்குத் தெரிந்தது. முன்னால் ஒரு உருவம் கையை ஆட்டி ஆட்டி எல்லாரையும் நிரையில் விட்டுக்கொண்டிருந்தது. நீங்கள்தான்.

உங்கள் தம்பி சிரிக்க ஆரம்பித்தார். "எங்கக்கா காட்டையே திருப்பிருச்சு" என்றார்.

மேலே குளவி கலைந்திருக்கிறது, கொஞ்ச நேரம் போனால்தான் அடங்கும், அதுவரை அடியிலிருந்து எடுப்போம் என்று கங்காணியிடம் நீங்கள் அடித்துச் சொன்னதை அம்மா சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டு, முதன்முதலாக எனக்குப் பயம் விட்டது. தாடைக் கட்டை அவிழ்த்தேன். கிராம்பைத் துப்பினேன். கேட்க வந்ததைக் கேட்டேன்.

"குடிப்பீங்களா?"

"குடிப்பேன். லோரி எடுக்கற நாள்ல தொடமாட்டேன்."

"கோவம் வந்தா கை நீட்டுவீங்களா?"

அவர் யோசித்தார். உடனே இல்லை என்று சொல்லாமல் யோசித்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. "இன்னிவரைக்கும் யாரு மேலயும் நீட்டுனதில்ல. வாங்கித்தான் பழக்கம். எங்கக்கா கை எப்படின்னு உங்களுக்குத் தெரியாதுலா."

"நாளைக்கு நீட்டுனா?"

"அக்காகிட்ட சொல்லிடுங்க. அது ஒண்ணுக்குத்தான் பயம் எனக்கு."

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான், அண்ணி, எனக்கு இன்றுவரை மனதைவிட்டுப் போகாதது. "உங்களுக்கு இஷ்டமில்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. அக்கா எல்லாம் சொல்லி வச்சிருக்கு. நான் டவுன்ல வேற பொண்ணு மேல ஆசப்பட்டுட்டேன்னு உங்கப்பாகிட்ட சொல்லிரும். என் பேருதான் கெடும். உங்க பேரு கெடக்கூடாதுன்னு எங்கிட்ட கையில அடிச்சு சத்தியம் வாங்கிருச்சு."

தாய் தகப்பன் இல்லாத தம்பியைக் கையில் வைத்து வளர்த்தவர் நீங்கள். அவர் பெயர் கெட்டால் அடுத்து யார் பெண் கொடுப்பார்கள்? இன்னும் உறவாகாத நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும் எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று யோசித்திருக்கிறீர்கள். நான் சம்மதிக்க வேண்டும் என்பதற்காக நீங்கள் அந்தப் புதன்கிழமையை ஏற்பாடு செய்யவில்லை. எனக்கு எது வேண்டுமோ அதை நான் சொல்ல வேண்டும் என்பதற்காகச் செய்தீர்கள். இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்? உங்களுக்கு அப்படி யாராவது செய்தார்களா? கேட்காமல் விட்டுவிட்டேன்.

அவர்கள் உச்சிக்குப் போய்த் திரும்புவதற்குள் நாங்கள் இறங்கிவிட்டோம். சாயங்காலம் வீட்டில் அம்மா காலை நீட்டிப் போட்டுக்கொண்டு புலம்பினாள். "அஞ்சலைக்கு என்னா புத்தி கெட்டுப்போச்சு? குளவியாம் குளவி. ஒரு குளவியக் காணோம். நெறகூடையத் தூக்கிட்டு மலை இறங்கி என் முட்டியே போச்சு. ஆனா பாவம், பாதி வழியில என் கூடையையும் அவதான் வாங்கித் தூக்கிட்டு வந்தா." நான் தாடைக் கட்டோடு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. பல்வலிதான் என்று நினைத்து அம்மா உப்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் நிரையில் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. "பல்லுவலி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"போயிருச்சு அண்ணி" என்றேன்.

அக்கா அண்ணியானது அன்றைக்குத்தான். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், இரண்டு செடி தள்ளிப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

சரி, இப்போது கலா கதைக்கு வருகிறேன். இன்றைய நாள் வேறு. துரைக்கல்லில் இப்போது கம்பி போட்டு, சிமெண்டு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். சனி ஞாயிறு என்றால் கீழ்நாட்டுக் கார்கள் வரிசையாக நின்று, எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் நானும் உங்களைப் பார்த்துப் புதன்கிழமையே வைத்தேன், இடத்தை மட்டும் மலை உச்சிக்கு மாற்றினேன். ராமையா அண்ணன் முதலில் ஒப்பவில்லை. "பேசறதுக்கு என்னா இருக்கு? நல்ல எடம், நான் பாதி வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். உங்கள் தம்பி ஒரு வார்த்தைதான் சொன்னார். "மாமா, அக்கா இருந்தா இதத்தான் செய்யும்." அதற்கு மேல் அண்ணன் தடுக்கவில்லை.

கலா தோட்ட ஆபீசில் டைப் அடிக்கிறாள், உங்களுக்குத் தெரியும். லீவு எழுதிக் கொடுத்தாள், அவ்வளவுதான். அவளுக்குப் பல்லும் வலிக்கவில்லை, வயிறும் வலிக்கவில்லை. உங்கள் தம்பியின் காய்கறி லேண்ட்ரோவரில் நாங்கள் மூவரும் பிரிஞ்சாங் உச்சிக்குப் போனோம். பையன் தன் வேனில் வந்தான். அவர்கள் ஏறிப் பார்க்கிற பார்வைக் கோபுரத்துப் பக்கம் போனார்கள், நானும் உங்கள் தம்பியும் வண்டியிலேயே உட்கார்ந்து டீ குடித்தோம். ஈப்போ வரைக்கும் தெரியும் என்று நான் அளந்துவிட்டிருந்தேன். மூடுபனி இறங்கி எதிரே நின்ற வேன்கூடத் தெரியவில்லை. உங்கள் தம்பி மெதுவாக என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் வேலை நாளில் ஒரு உச்சிக்கு வந்தது அதுதான் இரண்டாவது தடவை.

கலா திரும்பி வந்து வண்டியில் ஏறினாள். பாதி மலை இறங்கியதும் சொன்னாள்.

"வேணாம் அத்தை. கெட்ட பையன் இல்ல. வேலைய எப்ப நிப்பாட்டறேன்னு கேட்டாரு. நிப்பாட்டறியான்னு கேக்கல. எல்லாமே அப்படித்தான் கேட்டாரு."

நானும் உங்கள் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் பாதி வாக்குக் கொடுத்திருக்கிறார். பெண் வேண்டாம் என்றாள் என்று தெரிந்தால், தாயில்லாப் பிள்ளைக்குத் திமிர் என்று ஊர் பேசும். நீங்கள் அன்றைக்கு யோசித்து வைத்தது எனக்கு நினைவு வந்தது. பழியை நான் ஏற்றுக்கொள்வது என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். அத்தைக்காரி கெடுத்துவிட்டாள் என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன், "என்னாச்சு?" என்றார். "எனக்குத்தான் அந்த எடம் பிடிக்கலண்ணே" என்று நான் ஆரம்பிக்கும்போதே, "எனக்குச் சரியா படல மாமா" என்று உங்கள் தம்பியும் ஆரம்பித்தார். இரண்டு பொய்யும் வாசலில் முட்டிக்கொண்டன. அவரும் அதே யோசனையோடுதான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கலா எங்களைத் தாண்டி முன்னால் வந்தாள். "மாமாவும் இல்ல, அத்தையும் இல்லப்பா. நான்தான் வேணாம்னேன்" என்றாள். தலை குனியவில்லை. அந்தப் பையன் கேட்டதை அப்படியே சொன்னாள்.

அண்ணன் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். பிறகு நிமிர்ந்து, "நாளைக்குக் கம்போங் ராஜாவுக்கு நானே போறேன். எம் மவளுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டு வரேன். வேற காரணம் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். சொன்னபடி போய்ச் சொல்லிவிட்டும் வந்தார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று கலாவிடம் கேட்டேன். "எழுதுங்க அத்தை. நான்தான் சொன்னேன்னு எழுதுங்க" என்றாள். எனக்காக நீங்கள் பல்வலியும் குளவியும் தேட வேண்டியிருந்தது. உங்கள் மகளுக்கு ஒரு பொய்யும் தேவைப்படவில்லை. நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும் அண்ணி. அது ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவளுக்கு அடுத்த இடம் வரும். அப்போதும் ஒரு வேலை நாளில் நான் அவளைக் கூட்டிப் போவேன், மழையானாலும் பனியானாலும். அவள் வேண்டாம் என்றால் இறங்கி வருவோம், வேண்டும் என்றால் உங்கள் படத்துக்கு முன்னால் வந்து முதலில் உங்களிடம் சொல்வோம். அவள் வாயால் சொல்லாமல் அவள் கழுத்தில் தாலி ஏறாது. அதுக்கு நான் பொறுப்பு.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
பவுனு